வலைமேல் உட்கார்ந்தவள்

படகுத்துறையில் அவளை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர்தான். ஆனால் அவள் சுக்கானைப் பிடிக்கும் அழகைப் பார்த்த பிறகு கேலி செய்தவர்களே மரியாதையோடு சொல்ல ஆரம்பித்தார்கள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வாரம் முழுக்க ஜன்னல் இல்லாத அறை, தோளை இழுக்கும் ஈய அங்கி, அடுத்தவர் எலும்பு. விடுமுறை வந்தால் வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று உடம்பு கேட்கும். அதற்காகத்தான் புருஷனும் அவளும் அந்த மடக்குப் படகை வாங்கினார்கள்.

புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நல்ல மனுஷன், நல்ல கை. கோபம் மட்டும் மூக்குக்கு மேல். அவளுக்கும் குறைச்சல் இல்லை. ஆனால் இரண்டு பேரும் சண்டை போட்டால் தெருவுக்கே தெரியாது, ஏனென்றால் அந்த வீட்டில் சண்டை என்றால் பேச்சை நிறுத்துவது. ஆளுக்கொரு அறையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் வாயைத் திறக்கிறவர் தோற்றவர். கல்யாணமான புதிதில் விளையாட்டாக வந்த வழக்கம், வருஷம் போகப் போக வீட்டுச் சட்டமாகிவிட்டது.

அப்படிப்பட்ட வீட்டில் சாம்பார் கரண்டி கூட இடம் மாறாது என்று நினைப்பீர்கள். மாறியது. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. காரணம், பாப்பா.

பாப்பா என்றால் பாப்பா இல்லை, நாற்பதைத் தாண்டியவள். புருஷனுடைய கடைசித் தங்கை, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், மாடி அறையில் அவர்களோடுதான் இருந்தாள். ஒரு கம்பெனியின் புகார் பிரிவில் போன் எடுக்கிற வேலை. மறுமுனையில் ஒருவன் "உங்க கம்பெனியைக் கொளுத்தணும்" என்று கத்தினால், இவள் கம்ப்யூட்டரில் "வாடிக்கையாளர் சற்று மனவருத்தத்தில் உள்ளார்" என்று அடிப்பாள். வீட்டிலும் அவள்தான் தபால்காரி. "பாப்பா, உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்று இந்த அறையிலிருந்து கிளம்பும். "பாப்பா, உங்க அண்ணிகிட்ட சொல்லு" என்று அந்த அறையிலிருந்து திரும்பும். ஓரிரண்டு நாளில் "அண்ணன் ரொம்ப வருத்தப்படறாரு அண்ணி, வெளிய காட்டிக்கத் தெரியல" என்று வந்து நிற்பாள். இவள் மனசு இளகிவிடும். என் புருஷன் வாய்தான் முரடு, உள்ளுக்குள் வெண்ணெய் என்று அவள் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். அது சாதாரணப் படகு இல்லை. நடுவில் நீளமாக ஓர் உடம்பு, அதற்குள் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் உள்ளறை, இரண்டு பக்கமும் நீட்டிய கைகளின் நுனியில் ஒல்லியாக ஒவ்வொரு மிதவை, நடுவில் உள்ள இடைவெளியில் இழுத்துக் கட்டிய வலை. கைகளை மடக்கினால் மிதவைகள் நடு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இழுவண்டியில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்தலாம். தண்ணீரில் இறக்கி விரித்ததும் மூட்டுக்கு மூட்டு போல்ட்டை முறுக்கி, அசைத்துப் பார்த்த பிறகே பாயை ஏற்ற வேண்டும். இதெல்லாம் யாருக்கும் வந்துவிடும். ஓட்டுவதில்தான் இருக்கிறது சமாச்சாரம்.

ஒற்றை உடம்புப் படகு காற்று அதிகமானால் சாயும், முனகும், போதும் போதும் என்று கெஞ்சும். இது கெஞ்சாது. சிரித்த முகத்தோடு வேகமாகப் போய்க்கொண்டே இருக்கும். காற்று தள்ளும் பக்கத்து மிதவையை மட்டும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதன் மூக்கு தண்ணீருக்குள் இறங்க ஆரம்பித்தால், பாயைச் சுருக்க வேண்டிய நேரம் ஏற்கெனவே தாண்டிவிட்டது. காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பும்போது சுக்கானை வெடுக்கென்று தள்ளினால் பாதித் திருப்பத்தில் செத்து நின்றுவிடும். வேகத்தோடு, வளைத்து, முன்பாயை ஒரு மூச்சு நேரம் பழைய பக்கமே பிடித்துவைத்தால் காற்றே மூக்கைத் தள்ளிக் கொடுக்கும். இதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலை.

ஒன்றுக்கு மட்டும் அவள் பயப்படுவாள். காற்று முதுகில் அடிக்கும்போது பாய் விரிந்து, கம்பத்தைத் தாங்கும் பக்கக் கம்பியில் சாய்ந்துகொள்ளும். கயிற்றை எவ்வளவு விட்டாலும் காற்று வெளியேறாது. பாயைச் சுருக்க வேண்டுமானால் படகைக் காற்றின் முகத்துக்குத் திருப்பித்தான் ஆக வேண்டும். திரும்புகிற வழியில் காற்று முழுசாகப் பக்கவாட்டில் வந்து மோதும் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் முழுப் பாயோடு மாட்டினால் கதை முடிந்தது. அதனால் கம்பத்தடியில் ஒருவர் பாயை இறக்கும் கயிற்றில் கை வைத்து நிற்க வேண்டும். இவள் திருப்பத் திருப்ப அவர் இறக்க வேண்டும். இரண்டு பேர் வேலை, ஒரே மூச்சில் நடக்க வேண்டும். தவறினால் இந்த மாதிரிப் படகு மூழ்காது என்பது நிஜம். ஆனால் கவிழ்ந்தது கவிழ்ந்ததுதான், தானாக நிமிரவே நிமிராது.

அதனால்தான் அவள் காற்று கொஞ்சம் முகம் மாறும்போதே பாயைச் சுருக்கச் சொல்லிவிடுவாள். அதை ஒருநாள் விருந்துக்கு வந்த அவளுடைய ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் மெக்கானிக் எடுத்துவிட்டான். "எங்க கேப்டன் இருக்காளே, கரையில யாராவது தும்மினாலே பாயைச் சுருக்கிடுவா!" நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்துப் போனவள், அதற்குப் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாத அந்த வாரத்தின் முடிவில்தான் எதிர்த் தீவுக்குப் போவதாக முன்பே திட்டம். மதியத்துக்கு மேல் காற்று பலக்கும் என்று அவள் போனில் பார்த்தாள். அவனும் பார்த்திருப்பான் என்று நினைத்தாள். போக வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே. யாரும் திறக்கவில்லை, அதனால் போனார்கள். பாப்பா வராமல் முடியாது. அவள் இல்லாவிட்டால் நங்கூரத்தைத் தூக்கு என்று யார் யாருக்குச் சொல்வது?

பாப்பாவுக்கு நீச்சல் தெரியாது. அவளுடைய இடம் எப்போதும் படகின் நடுக்குழி, அண்ணியின் காலடி. அன்றைக்கு மெக்கானிக் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காராமல், முறுக்கிக்கொண்டு முன்னால் கம்பத்தடியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். கம்ப்ரசர் சத்தத்தில் வருஷக்கணக்காக இருந்து அவனுக்குக் காது பாதி போயிருந்தது. காற்றில் பின்னாலிருந்து பேசினால் கேட்காது. ஆகவே பாப்பா குழியை விட்டு எழுந்து, இருவருக்கும் நடுவில், காற்று வரும் பக்கத்து வலைமேல் உட்கார்ந்தாள். கீழே தண்ணீர் ஓடுவது வலைக்கண் வழியாகத் தெரிந்தது. மிதவை அங்கியை இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"குழியில உக்காரு பாப்பா" என்றாள் கேப்டன்.

"அப்புறம் யாரு அண்ணனுக்குச் சொல்றது? பரவால்ல அண்ணி."

கேப்டனுக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் வீம்பு பெரிதாக இருந்தது.

போகும்போது ஒரு குறையும் இல்லை. தீவில் மூன்று பேரும் மூன்று கல்லில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். கிளம்பும்போதே மேற்கே வானம் அடிபட்ட தோல் மாதிரிக் கன்றியிருந்தது. பறவைகள் எல்லாம் கரைப் பக்கம் போய்விட்டிருந்தன. பாதி வழியில், தண்ணீருக்கு மேல் துருத்தி நிற்கும் பாறைக்கு இந்தப் பக்கமே, காற்று முதுகில் ஏறியது. படகு முனகக்கூட இல்லை, பறந்தது. அவள் மிதவையைப் பார்த்தாள். மூக்கு இறங்கியது, எழுந்தது, மறுபடி இறங்கியது. இந்தமுறை எழ நேரமானது. 

"பாப்பா! உங்க அண்ணன்கிட்ட சொல்லு. உடனே பாயைச் சுருக்கணும். எழுந்து இறக்குற கயித்துல கை வைச்சு நிக்கச் சொல்லு. நான் திருப்பப் போறேன்."

பாப்பா வலைமேல் தவழ்ந்து போனாள். அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவன் திரும்பாமலே ஏதோ சொன்னான். இங்கே எதுவும் கேட்கவில்லை. அவள் தவழ்ந்து திரும்பி வந்தாள், முகத்தில் அதே சிரிப்பு.

"சரின்னுட்டாரு அண்ணி. இதோ பண்றாராம்."

கம்பத்தடியில் அவன் எழுந்து நின்றான், விரிந்த பாய்க்குக் கீழே கால் மட்டும் தெரிந்தது. கை கயிற்றில் இருக்கிறதா என்று தெரியவில்லை. "என்னங்க" என்று ஒரே ஒரு முறை தொண்டை கிழியக் கத்தியிருந்தால் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. கத்தினால் தோற்றுவிடுவோம் என்று நினைத்தாளே, அந்தப் பாவத்தை என்னவென்று சொல்வது! விழுங்கிக்கொண்டாள். சுக்கானைத் திருப்பினாள்.

காற்று பக்கவாட்டுக்கு வந்தது. பாய் இறங்கவில்லை. ஒரு பெரிய அடி அடித்தது. காற்று தள்ளும் பக்கத்து மிதவை முழுசாகத் தண்ணீருக்குள் போனது, எதிர்ப்பக்கத்து மிதவை பாப்பாவோடு வானத்துக்கு எழுந்தது. பாப்பா வலையிலிருந்து உருண்டு விழுவதைக் கேப்டன் பார்த்தாள். பிறகு அவள் தலைக்கு மேல் எல்லாம் தண்ணீர்.

மேலே வந்தபோது படகு அடிவயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. மிதவையைத் தாங்கும் கையைப் பிடித்து அதன்மேல் ஏறினாள். அந்தப் பக்கம் மெக்கானிக் நெற்றியில் ரத்தத்தோடு ஏறிக்கொண்டிருந்தான்.

"பாப்பா எங்க?" என்றான். அந்த வாரத்தில் அவன் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இருவரும் நாலாபக்கமும் பார்த்தார்கள். அலைதான் இருந்தது. கூப்பிட்டார்கள். அவன் குதித்து, பாய்க்கடியில் துழாவிவிட்டு வெறுங்கையோடு வந்தான். மூச்சு வாங்க வாங்க அவள்மேல் பாய்ந்தான்.

"முழுப் பாய் இருக்கும்போது எவளாவது திருப்புவாளா? பைத்தியமா நீ?"

"சுருக்கறேன்னு சொன்னீங்களே!"

"நானா? பாறையைத் தாண்டற வரைக்கும் அவ வாயை மூடிட்டு ஓட்டட்டும்னு சொன்னேன். சுருக்க முடியாதுன்னு சொன்னேன்."

"உடனே சுருக்கணும்னு சொல்லி அனுப்பினேன். கயித்துல கை வைச்சு நிக்கச் சொன்னேன். திருப்பப் போறேன்னு சொன்னேன்!"

அவன் முகம் மாறியது. "அண்ணா, உனக்குச் சௌகரியப்படும்போது பாயைக் கொஞ்சம் குறைச்சா நல்லா இருக்கும்னு அண்ணி நினைக்கிறாங்க. இவ்வளவுதான் எனக்கு வந்துச்சு. கால் மரத்துப் போச்சேன்னு எழுந்து நின்னேன். திருப்பறேன்னு ஒரு வார்த்தை வரல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அண்ணன் வருத்தப்படறாரு. அண்ணன் சாப்பிடவே இல்ல. தப்பு தன்மேலதான்னு அண்ணன் சொல்றாரு. அவன் வாயிலிருந்து அதில் எது வந்தது, எது வழியில் சேர்ந்தது? அவன் என்ன நினைத்தானோ, நெற்றி ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான்.

அப்போதுதான் காலுக்கடியில் தட்டும் சத்தம் கேட்டது.

உள்ளேயிருந்து. நடு உடம்பின் உள்ளறையிலிருந்து. விழுந்தவள் அறையின் வாசலைப் பிடித்திருக்கிறாள், தண்ணீர் அவளை உள்ளே தள்ளியிருக்கிறது. கவிழ்ந்த உடம்புக்குள் கொஞ்சம் காற்று சிக்கியிருந்தது. அதில் தலையை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை நேரம் மேலே நடந்த பேச்செல்லாம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

மெக்கானிக் இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். "வெட்டிடறேன். இந்த இடத்துல மெல்லிசுதான்."

"வேண்டாம்! ஓட்டை போட்டா உள்ள இருக்கிற காத்து வெளிய போயிடும். தண்ணி ஏறிடும். கத்தியைக் கீழ வைங்க!"

வைத்தான். மறுபேச்சு பேசாமல் வைத்தான்.

அவள் படகின் வயிற்றில் குப்புறப் படுத்து வாயை ஒட்டவைத்துக் கத்தினாள். "பாப்பா, கேக்குதா? வாசல் உன் காலுக்குக் கீழ இருக்கு. முங்கித்தான் வரணும். அங்கியைக் கழட்டு. அது இருந்தா உன்னைக் கீழ போக விடாது."

உள்ளேயிருந்து குரல் வந்தது. சர்க்கரை தடவாத குரல், அந்த வீட்டில் யாரும் கேட்டறியாதது. "மாட்டேன். செத்தாலும் கழட்ட மாட்டேன். உங்க ரெண்டு பேரையும் நம்பி நான் எதையும் கழட்ட மாட்டேன்."

காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. படகு ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் கீழே அமர்ந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் காற்று குறைகிறது என்று கேப்டனுக்குத் தெரியும். கெஞ்சினால் நடக்காது, கொஞ்சினால் நடக்காது.

"கழட்டலேன்னா செத்துப் போயிடுவ பாப்பா. தண்ணி எவ்வளவு இருக்கு?"

 "கழுத்து வரைக்கும்."

"இப்ப கழட்டு. உங்க அண்ணன் கீழேயிருந்து உன் கையைப் பிடிப்பாரு. நான் ஓங்கி ஒரு தட்டு தட்டினா முங்கு." பிறகு அவனைப் பார்த்து, "போங்க" என்றாள். அவன் குதித்தான்.

"மூச்சை நல்லா இழு" என்று கத்தினாள். ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாதவர்களிடம் நாளெல்லாம் சொல்கிற வார்த்தை.  "இழு, இன்னும் இழு. பிடி." தட்டினாள்.

அவன் தனியாக மேலே வந்தான். "கையை உதறிட்டா" என்றான். அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"மறுபடி போங்க. உதறினாலும் விடாதீங்க. கை உடைஞ்சாலும் விடாதீங்க."

மறுபடி போனான். அவள் மறுபடி கத்தினாள், மறுபடி தட்டினாள். தண்ணீர் வெறுமையாகவே இருந்தது, பிறகும் வெறுமையாகவே இருந்தது. கடைசியில் இரண்டு தலையும் ஒன்றாக மேலே வந்தன. பாப்பா நீலம் பாரித்து, இருமி, வாந்தி எடுத்து, வலி தாங்காமல் அலறினாள். மணிக்கட்டு உடைந்திருந்தது. கரையில் யாரோ பார்த்துத் தகவல் சொல்லி, காவல் படகு வரும்வரை மூன்று பேரும் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். 

அந்த மணிக்கட்டைக் கேப்டனே படம் எடுத்தாள். கதவைச் சாத்திய அறையில் அவர்கள் இருவர்தான். வீங்கிய கையைத் தட்டின்மேல் மெதுவாக வைத்து நேராக்கினாள். மெஷினிடம் போகவேண்டியவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷத்துல உங்க அண்ணன் ஒரு தடவையாவது, தானா, என்கிட்ட தப்பு பண்ணிட்டேன்னு வருத்தப்பட்டாரா?"

பாப்பாவின் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. வாய் கூடத் திறந்தது. ஏதோ இனிப்பான பதில் நுனிநாக்கில் வந்து நிற்கிறது என்று கேப்டனுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லிவிடேன் என்று மனசுக்குள் ஏங்கினாள். சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

"அதை அவர்கிட்டயே கேளுங்க அண்ணி. நான் இனிமே யாருக்கும் எதுவும் கொண்டுபோறதா இல்ல."

கட்டுப் பிரித்த கையோடு பாப்பா தன் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். போக வேண்டாம் என்று அண்ணனும் சொன்னான், அண்ணியும் சொன்னாள், இருவரும் தனித்தனியாக, நேராகவே சொன்னார்கள். அவள் கேட்கவில்லை.

வீட்டில் இப்போது இரண்டே பேர். பேச்சை நிறுத்துகிற வழக்கம் அன்றோடு போயிற்று, பயத்தில் போயிற்று. உப்பு எங்கே, சாவி எங்கே, கேஸ் வந்ததா என்று எல்லாவற்றையும் வாய்விட்டே கேட்டுக்கொள்கிறார்கள். பார்க்கிறவர்கள் ஆதர்ச தம்பதி என்பார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பாப்பாவிடம் கேட்டதை அவனிடமே கேட்டுவிடலாம் என்று நாக்கில் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

"என்னங்க."

"என்ன?" என்றான்.

கோபமா, அலுப்பா, வெறும் கேள்விதானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவன் குரலை அப்படியே கேட்டு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க அவள் இத்தனை வருஷத்தில் பழகவே இல்லை. அவன் சோற்றுக் கையோடு காத்திருந்தான். அவன் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதை யார் வந்து வேறு மாதிரிச் சொல்வார்கள்?

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்றாள்.

"ஊத்து" என்றான்.

ஊற்றினாள்.